சாயலுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவர் ஒருவர், தேங்காய்த்திட்டு)

மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்று ஒரு வாக்கு உண்டு. கிறித்தவ நண்பர்கள் அதை வேதாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே படிக்கிறார்கள். மற்றச் சமயங்களைச் சேர்ந்த நாமும் இதே கருத்தை வேறு சொற்களில் நாள்தோறும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். குழந்தையைத் தெய்வம் என்கிறோம். வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் தெய்வம் என்கிறோம். ஆபத்தில் கை கொடுத்தவரைப் பார்த்து, "தெய்வம் மாதிரி வந்தீங்க" என்கிறோம். சொல்வதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் பொருள் என்ன என்று ஒரு நிமிடம் நின்று கேட்டால் பலரும் தடுமாறுகிறோம்.

கடவுளுக்கு இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் இருக்கின்றன என்பதா அதன் பொருள்? அப்படியானால் அது யாருடைய மூக்கு? கூரிய மூக்கா, சப்பை மூக்கா? எந்த நிறத் தோல்? இது விளையாட்டுக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் உலகில் நடந்த பல கொடுமைகள், இந்தக் கேள்விக்கு அவசரமாகச் சொல்லப்பட்ட விடைகளிலிருந்து பிறந்தவை. தன்னைப் போல் இருப்பவனே கடவுளைப் போல் இருப்பவன் என்று வலியவன் முடிவு கட்டிவிட்டால், மற்றவன் கதி என்ன?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். சாயல் என்பது மனிதன் உழைத்துச் சம்பாதிக்கும் தகுதி அன்று. அது பிறப்பால் சிலருக்குக் கூடுதலாக வருவதில்லை; படிப்பால் வளர்வதும் இல்லை. எல்லாருக்கும் முழுமையாக இருப்பது அது. இதை ஒப்புக்கொள்ளாமல் அந்த வாக்கை எத்தனை முறை ஓதினாலும் பயன் இல்லை என்பது என் எண்ணம். பேராசிரியப் பெருமக்களும் மாணவத் தோழர்களும் இதைச் சற்றுப் பொறுமையோடு எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

அரசன் மட்டும்தானா சாயல்?

பழங்கால எகிப்தில் கடவுளின் சாயல் என்ற பட்டம் ஒருவருக்கே உரியதாக இருந்தது. அவர் அரசர். வரலாற்று வகுப்பில் நாம் கேள்விப்பட்ட துத்தன்காமன் என்ற இளம் அரசனின் பெயருக்கே 'ஆமோன் தெய்வத்தின் உயிருள்ள உருவம்' என்றுதான் பொருள். மெசபடோமியாவிலும் அரசனைத் தெய்வத்தின் உருவம் என்று புகழும் வழக்கம் இருந்தது. அரண்மனையில் இருப்பவன் சாயல். செங்கல் சுமப்பவன் வெறும் கூலி. அன்றைய உலகின் ஒழுங்கு அது.

அந்த உலகின் நடுவில் வாழ்ந்த யூத மக்கள், பல பேரரசுகளின் காலடியில் மிதிபட்டவர்கள். அவர்களுடைய நூல்தான் அந்தப் பட்டத்தை அரசனிடமிருந்து எடுத்து எல்லா மனிதருக்கும் கொடுத்தது. ஆணும் சாயல், பெண்ணும் சாயல் என்று அது சேர்த்தே சொல்கிறது. எந்த இனம், எந்தக் குலம், என்ன தொழில் என்ற குறிப்பு எதுவும் அங்கே இல்லை. அரியணைக்கு உரிய பட்டம் அன்றைக்கே குடிசைக்கும் வந்துவிட்டது!

இன்னொரு செய்தியும் உண்டு. சாயல் என்று நாம் தமிழில் படிக்கும் இடத்தில் எபிரேய மூலத்தில் இருக்கும் 'செலெம்' என்ற சொல், செதுக்கிய சிலைக்கும் வழங்கிய சொல். அதே வேதாகமம் கடவுளுக்குச் சிலை செய்யக் கூடாது என்று கண்டிப்பாகத் தடுக்கிறது. ஏன்? கடவுள் தமக்கு ஒரு சிலையைத் தாமே செய்து வைத்துவிட்டார். அது நடக்கும், பேசும், பசிக்கும். அதை விட்டுவிட்டு வேறு சிலை எதற்கு என்று கேட்பதுபோல் இருக்கிறது அந்தத் தடை. கொலை ஏன் பாவம் என்பதற்கும் அந்நூல் இதையே காரணமாகக் காட்டுகிறது. ஒரே நாக்கால் கடவுளைப் போற்றிவிட்டு அவர் சாயலான மனிதனைச் சபிப்பது முறையா என்று புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபம் கேட்கிறது. ஆக, இது ஆகாயத்தைப் பற்றிய தத்துவம் அன்று. கையும் நாக்கும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றிய பேச்சு.

அறிவுதான் சாயலா?

பிற்காலத்து அறிஞர்கள் இந்தச் சாயல் மனிதனுக்குள் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். கி.பி. 354 முதல் 430 வரை வாழ்ந்த அகஸ்டின், நினைவு, அறிவு, விருப்பம் என்ற மூன்றிலும் அதைக் கண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ், மனிதனின் அறிவுத் தன்மையிலே அதைக் கண்டார். அவர்கள் பெரியவர்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அவர்களோடு வாதாடப் புகுவது அதிகப் பிரசங்கித்தனம் என்று சிலர் நினைக்கலாம். ஆயினும் எனக்கு ஒரு கேள்வி உண்டு.

சாயல் அறிவில் இருக்கிறது என்றால், அறிவு குறைந்தவருக்குச் சாயலும் குறைவுதானா? பிறவியிலேயே மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைக்கு? முதுமையில் நினைவு தப்பி, பெற்ற பிள்ளையையே "நீ யாருப்பா?" என்று கேட்கும் தாத்தாவுக்கு?

இது கற்பனைக் கேள்வி அன்று. அமெரிக்கக் கண்டத்தை ஸ்பெயின் நாட்டார் பிடித்தபோது, அங்கிருந்த பழங்குடி மக்கள் முழு அறிவுள்ள மனிதர்கள்தானா என்றே விவாதித்தார்கள். 1537-இல் போப் மூன்றாம் பவுல், அவர்களும் உண்மையான மனிதர்களே, அவர்களை அடிமையாக்கக் கூடாது என்று ஆணை வெளியிட வேண்டியிருந்தது. அதன் பிறகும் 1550-51-இல் வல்லடோலிட் நகரில் செபுல்வேதா என்ற அறிஞரும் லாஸ் காசாஸ் என்ற பாதிரியாரும் இது குறித்து வாதாடினார்கள். அந்த மக்களுக்கு அறிவு குறைவு, ஆகவே ஆளப்படுவதே அவர்களுக்கு நன்மை என்றார் செபுல்வேதா. லாஸ் காசாஸ் அவர்களுக்காக நின்றார். அறிவை அளவுகோலாக வைத்தால் அந்தக் கோல் யார் கையில் இருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அளப்பவன் எப்போதும் தன்னை முழுக்கோல் என்று வைத்துக்கொண்டுதான் மற்றவனை அளக்கிறான்.

இந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடையில் சுமந்து, தெருத் தெருவாக மீன் விற்பவர். அவருக்குத் தம் பெயரை எழுதத் தெரியாது, கைநாட்டுத்தான். சாயல் அறிவில்தான் இருக்கிறது என்றால், செல்லின் அமைப்பைப் படிக்கும் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவும், பத்து மாதம் சுமந்து என்னைப் பெற்றவருக்குக் கொஞ்சம் குறைவாகவும் இருக்கிறது என்று ஆகிவிடாதா?

"உன் அம்மாவுக்கும் அறிவு உண்டு, செவுளைப் பார்த்தே மீன் எப்போது பிடித்தது என்று சொல்வார், காகிதம் இல்லாமல் கணக்குப் போடுவார்" என்று நண்பர்கள் சொல்லக்கூடும். அது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலை நான் இங்கே நீட்டப் போவதில்லை. நீட்டினால், அம்மா மனிதர்தான் என்று நிரூபிக்க அவருக்காக ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். அந்த விண்ணப்பமே தேவையில்லை என்பதுதான் என் வாதம். செவுள் பார்க்கத் தெரியாவிட்டாலும், கணக்கு வராவிட்டாலும், அவர் மதிப்பு அணுவளவும் குறையாது.

ஆய்வகம் சொல்வது என்ன?

விலங்கியல் படிக்கும் நீ சாயலைப் பற்றிப் பேசலாமா என்று வகுப்புத் தோழர்கள் கேலி செய்வது உண்டு. டார்வின் 1859-இல் உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றியும், 1871-இல் மனிதனின் வழிவந்த வரலாற்றைப் பற்றியும் நூல் எழுதியபோது, கடவுளின் சாயலுக்கு ஆபத்து வந்துவிட்டது என்று பலர் கொதித்தார்கள். குரங்கின் உறவினன் எப்படிக் கடவுளின் சாயல் ஆவான் என்று கேட்டார்கள்.

மனிதன் மற்ற உயிர்களோடு உறவுள்ளவன் என்பதை இன்று எந்த ஆய்வகத்திலும் காணலாம். சிம்பன்சியின் டி.என்.ஏ.வோடு நம்முடையதை ஒப்பிட்டால் நூற்றுக்கு 98, 99 பங்கு ஒத்துப்போகிறது. உலகில் எந்த இரு மனிதரை எடுத்துக்கொண்டாலும் அவர்களுடைய மரபுத் தொகுதி ஏறக்குறைய 99.9 சதவீதம் ஒன்றே. மனித மரபுத் தொகுதியைப் படித்தறியும் பெருந்திட்டம் 2003-இல் நிறைவு பெற்றது. அதில் சாதிக்கென்று ஒரு பக்கம் இல்லை. கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் வகுத்துக் காட்டிய இரத்த வகைகளும் ஊர் பார்த்தும் சேரி பார்த்தும் அமைவதில்லை.

இதைச் சொல்லிவிட்டு, "பார்த்தீர்களா, அறிவியலே எல்லாரும் சமம் என்று நிரூபித்துவிட்டது!" என்று மேடையில் முழங்கிக் கைதட்டல் வாங்கலாம். ஆனால் அங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. அந்த எண் 99.9 ஆக இல்லாமல் 97 ஆக இருந்திருந்தால் என்ன செய்வோம்? சிலருக்கு மதிப்புக் குறைவு என்று ஒப்புக்கொள்வோமா? மாட்டோம் அல்லவா? அப்படியானால் நம் மதிப்பு அந்த எண்ணிலிருந்து வரவில்லை. ஆய்வகம் ஒற்றுமையை அளந்து சொல்லும். மதிப்பை அளக்கும் தராசு அதனிடம் இல்லை. அது அறிவியலின் குறையும் அன்று; அதன் வேலை அது இல்லை.

ஆகவே டார்வினுக்கும் சாயலுக்கும் சண்டை மூட்டத் தேவையில்லை. உடல் எந்த வழியாக வந்தது என்பது ஒரு கேள்வி. வந்து நிற்கும் அந்த மனிதனை நான் எப்படி நடத்த வேண்டும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் விடை உண்டு. இரண்டாவதற்கு நாம் வாழ்ந்துதான் விடை சொல்ல வேண்டும்.

புதுவையில் இருந்த சுவர்

நம் ஊரிலேயே இந்தக் கேள்வி ஒரு சுவராக எழுந்து நின்றது உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை நாம் பெருமையோடு பேசுகிறோம். 1736 முதல் 1761 வரை இந்நகரில் நடந்தவற்றைத் தமிழில் எழுதி வைத்த பெருமை அவருடையது. அந்த நாட்குறிப்பில் 1745 அக்டோபர் மாதத்தில் ஒரு செய்தி இருக்கிறது. இன்றைய சம்பா கோயில் கட்டப்படுவதற்கு முன்பு இங்கிருந்த மாதா கோயிலின் உள்ளே, வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறித்தவர்கள். மறுபக்கம் பறையர் குலத்துக் கிறித்தவர்கள். வழிபடும் கடவுள் ஒருவர்; ஓதும் வேதம் ஒன்று; நடுவில் சுவர்!

அந்த ஆண்டு காரைக்காலிலிருந்து ஒரு பாதிரியார் வந்திருந்தார். அவர் இந்தப் பாகுபாடு கூடாது என்றார். அதைத் தொடர்ந்து, சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டிருந்த மக்கள் பெரிய பாதிரியாரிடம் நேரில் போய் நியாயம் கேட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் எல்லாரையும் ஒன்றாக நடத்த வேண்டும், ஆண்டவர் தம்மை வணங்குவோருக்குள் வேற்றுமை வைக்கவில்லையே என்ற கருத்துப்பட அவர்கள் வாதிட்டார்கள். பெரிய பாதிரியார் அதை ஏற்றார். சுவர் இடிக்கப்பட்டது.

தோழர்களே, இதில் நான் வியப்பது சுவர் இடிந்ததை மட்டும் அன்று. கேள்வி கேட்டவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் இலத்தீன் படித்தவர்கள் அல்லர். அகஸ்டினையும் அக்வினாசையும் புரட்டியவர்கள் அல்லர். பிரெஞ்சுப் புரட்சிக்கு இன்னும் நாற்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தன. சமத்துவம் என்ற முழக்கம் பாரிசிலேயே எழவில்லை. அப்படிப்பட்ட காலத்தில், சாயல் என்றால் என்ன என்று வேதம் படித்த குருவுக்கு எடுத்துச் சொன்னவர்கள் சுவருக்குப் பின்னால் நின்றவர்கள். வேதம் சொன்னதை அவர்கள் சொன்னபடியே நம்பினார்கள். கற்றவர்கள்தாம் அதற்குள் ஒரு சுவரைக் கட்டி வைத்திருந்தார்கள்.

சுவர் எளிதில் சாவதில்லை

இடித்த சுவர் வேறு வேறு வடிவில் மீண்டும் எழும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், 2008 மார்ச்சில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களுக்கும் சாதிக் கிறித்தவர்களுக்கும் இடையே மோதல் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். 1745-க்கும் 2008-க்கும் இடையே 263 ஆண்டுகள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்கள் மேம்பாட்டுக்கான ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு, அது பெரும் பாவம் என்று கூறியது. காலம் கடந்த வார்த்தைதான். ஆயினும் வர வேண்டிய வார்த்தை.

இதைப் படித்துவிட்டு மற்ற மதத்தார் யாரும் புன்னகை செய்ய வேண்டாம். அதே 2008-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து வைத்திருந்த சுவரின் ஒரு பகுதியை அரசு நிர்வாகம் இடித்துப் பாதை திறக்க வேண்டியிருந்தது. அது இந்து ஊர். நமக்குப் பக்கத்தில் இருக்கும் சிதம்பரத்துக்கு வர ஏங்கிய நந்தனாரின் கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. திருப்புன்கூரில் அவருக்காக நந்தியே விலகி வழி விட்டதாம். ஆனால் தில்லைக்குள் நுழைவதற்கு முன்பு அவர் தீயில் மூழ்கி எழ வேண்டியிருந்தது. கல் நந்தி விலகிவிட்டது; மனிதர் போட்ட வேலி விலகவில்லை. பக்தியும் கண்ணீரும் போதவில்லை. தம் பிறப்பை நெருப்பில் போட்டால்தான் வாசல் திறக்கும் என்பது என்ன நியாயம்? அந்தத் தீயும் ஒரு தகுதித் தேர்வுதானே!

பார்த்துச் செதுக்கிய கற்சிலையைத் தொட எத்தனை விதிகள், எத்தனை மரியாதைகள்! இறைவனே செய்தது என்று நாம் சொல்லும் உயிருள்ள உருவத்தைத் தொட்டால் தீட்டு என்கிறோம். இந்த முரண்பாட்டை எந்த மதமும் முழுதாகத் தாண்டிவிடவில்லை.

கருவறையில் ஒரு கண்ணாடி

தாண்ட முயன்றவர்களும் நம் நாட்டில் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்பில் 1809-ஆம் ஆண்டளவில் பிறந்து 1851-இல் மறைந்த அய்யா வைகுண்டரை எண்ணிப் பாருங்கள். அன்றைய திருவிதாங்கூர் அரசில் நாடார் முதலான மக்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. பெண்கள் தோள்சீலை அணியக் கூடாது. தோள்சீலைக்கான உரிமையே 1859-இல்தான் அரசாணையாக வந்தது. அந்த மண்ணில் வைகுண்டர் தம்மைச் சேர்ந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். அந்த வழக்கம் இன்றும் நடக்கிறது. அவருடைய பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் போய்ப் பார்த்தால், சிலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடி இருக்கிறது. கும்பிடப் போகிறவர் தம் முகத்தையே காண்கிறார். இறைவன் உனக்குள் இருக்கிறான் என்பதே அதன் பொருள் என்று அவ்வழியினர் சொல்கிறார்கள்.

கேரளத்தில் நாராயண குருவும் 1927-இல் களவங்கோடு என்னும் ஊரில் தெய்வச் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடியை நிறுவினார். கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் நடுவில் எழுந்த இரண்டு பெரியவர்களும் ஒரே பொருளைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. "நீ தாழ்ந்தவன், தள்ளி நில்" என்று கேட்டுக் கேட்டுக் கூனிப்போன மனிதனிடம், "தலைப்பாகையைக் கட்டு, நிமிர்ந்து பார், கருவறையில் இருப்பது உன் முகம்" என்று சொல்வதைவிடப் பெரிய உபதேசம் உண்டா?

ஆனால் கண்ணாடிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதன் முன் யார் போய் நின்றாலும் அவர் முகத்தைக் காட்டும். என் முகத்தை மட்டும் காட்டி, எனக்குப் பின்னால் வருபவரின் முகத்தை மறைக்கும் கண்ணாடி உலகில் இல்லை. 'நான் இறைவனின் சாயல்' என்று நிமிர்பவர், அடுத்தவரும் அதே சாயல் என்று வணங்கவும் கடமைப்பட்டவர்.

மீன் கூடையும் பேருந்தும்

சாமித்தோப்பு இருக்கும் அதே மாவட்டத்தில் குளச்சல் இருக்கிறது. 2021 டிசம்பரில், அங்கே மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய ஒரு மூதாட்டி, மீன் நாற்றம் என்று சொல்லி இறக்கிவிடப்பட்டார். பேருந்து நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்டுக் கதறிய காட்சியைத் தமிழகமே பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார், ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் ஆகியோர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அந்தச் செய்தியை எங்கள் தெருவில் கேட்ட பெண்கள் வியக்கவில்லை. அவர்களுக்கு அது புதிது அன்று. மீன் குழம்பின் மணம் எல்லாருக்கும் பிடிக்கும். அந்த மீனைச் சுமந்து வந்தவளின் புடவை மட்டும் நாறும்!

என் அனுபவம் ஒன்றும் உண்டு. கல்லூரியில் சேர்ந்த புதிதில், ஒரு சான்றிதழுக்காக அம்மாவும் நானும் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். எழுத்தர் அம்மாவைப் பார்த்து, "ஏம்மா, கூடைய வெளியில வச்சுட்டுத் தள்ளி நில்லு. உனக்கு என்ன வேணும்?" என்றார். அம்மா சொன்னதை முழுதாகக் கேட்கவும் இல்லை. நான் படிவத்தை வாங்கி ஆங்கிலத்தில் நிரப்பிக் கல்லூரி அடையாள அட்டையோடு நீட்டினேன். அவர் குரல் மாறிவிட்டது. "காலேஜ்ல படிக்கிறீங்களா? உட்காருங்க" என்றார். எனக்கு நாற்காலி வந்தது. அம்மா நின்றுகொண்டுதான் இருந்தார்.

அந்த நாற்காலி யாருக்குத் தரப்பட்டது? எனக்கா, என் அட்டைக்கா? அட்டைக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெளியே வந்தபோது அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. "பார்த்தியா, படிச்சதுக்கு மரியாதை" என்றார். எனக்கு அந்த மகிழ்ச்சி வரவில்லை. என் படிப்பு என்னைச் சுவரின் இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, அம்மாவை அந்தப் பக்கத்திலேயே விட்டுவிட்டது என்று பட்டது.

முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கும் என்னைப் போன்ற தோழர்கள் இந்தக் கல்லூரியில் ஏராளம். அவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பட்டம் நமக்கு வேலை தரட்டும், சம்பளம் தரட்டும், அச்சமின்றிப் பேசும் துணிவு தரட்டும். அது இல்லாமல் நம் குடும்பங்கள் கரையேற முடியாது. ஆனால் பட்டம்தான் நம்மை மனிதராக்கியது என்று நாம் நம்பிவிட்டால், பட்டம் இல்லாத நம் பெற்றோரைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம்? பழைய சுவரைப் பிறப்பால் கட்டினார்கள். புதிய சுவரைச் சான்றிதழ்த் தாளால் நாமே கட்டக் கூடாது.

பகுத்தறிவாளரின் கேள்வி

கடவுளையே ஏற்காத நண்பர்கள் இங்கு இருக்கிறார்கள். கடவுள் மனிதனைப் படைக்கவில்லை, மனிதன்தான் தன் சாயலில் கடவுளைப் படைத்தான் என்பார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டுச் சிந்தனையாளர் செனோபனிஸ், மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் கை இருந்து படம் வரையத் தெரிந்திருந்தால் தங்கள் வடிவிலேயே கடவுளை வரைந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறார். கூர்மையான பேச்சு. அதை மதவாதிகள் கோபிக்காமல் கேட்க வேண்டும். தங்கள் சாதியின் சாயலில் கடவுளைச் செய்து வைத்தவர்களுக்கு அது சாட்டையடி.

ஆனால் கடவுளை நீக்கிவிட்ட பிறகும் கேள்வி அப்படியே நிற்கிறது. தகுதி எதுவும் கேட்காமல் மனிதனை மதிக்க வேண்டும் என்பதை எங்கிருந்து பெறுவது? பெரியார் 1925-இல் தொடங்கிய இயக்கத்துக்கு அறிவு இயக்கம் என்றோ கல்வி இயக்கம் என்றோ முதலில் பெயர் வைக்கவில்லை. சுயமரியாதை இயக்கம் என்று வைத்தார். படித்து முடித்த பிறகு மரியாதை கேள் என்று அவர் சொல்லவில்லை. மனிதன் என்பதாலேயே மரியாதை உன்னுடையது என்றார். கடவுளை மறுத்தவர் வந்து நின்ற இடமும், கண்ணாடியைக் கருவறையில் வைத்தவர் வந்து நின்ற இடமும் அதிகத் தொலைவில் இல்லை என்பது என் துணிபு.

நம் அரசியல் சட்டமும் அங்கேதான் நிற்கிறது. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். வெள்ளையர் ஆட்சியில் சொத்தும் படிப்பும் பார்த்துத்தான் வாக்குரிமை தந்தார்கள். ஆனால் 1951-52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், கைநாட்டு வைப்பவருக்கும் கலெக்டருக்கும் ஆளுக்கு ஒரே ஒரு வாக்கு. "முதலில் படிக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று சட்டம் சொல்லவில்லை. பதினேழாம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. முகவுரை தனிமனித மாண்பைப் பேசியது. அங்கே கடவுளின் பெயர் இல்லை. ஆயினும், அரசனுக்கு உரிய பட்டத்தை எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்த அந்தப் பழைய வாக்கின் எதிரொலி எனக்கு அதில் கேட்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய காரியங்களை நான் சொல்லப் போவதில்லை. நாக்கிலிருந்து தொடங்கலாம். நம் ஆய்வகத்தில் தவளைத் தட்டைக் கழுவி வைக்கும் உதவியாளரை, வகுப்பறையைப் பெருக்கும் அம்மாவை, விடுதியில் சோறு போடுபவரை, நம் தந்தை வயதும் தாய் வயதும் உள்ளவர்களை, எப்படி அழைக்கிறோம்? 'ஏய்' என்றா, 'அண்ணே', 'அக்கா' என்றா? அவர்களில் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா? சாயலைப் பற்றிய நம் நம்பிக்கை எதுவாக இருந்தாலும் அதன் தேர்வு அங்கேதான் நடக்கிறது. வினாத்தாள் முன்கூட்டியே வெளியான தேர்வு அது!

சாக்கடைக் குழிக்குள் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தும், அப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு முப்பது இலட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. குழியில் மனிதர்கள் இறங்கிக்கொண்டே இருந்ததால்தானே அந்தத் தீர்ப்புத் தேவைப்பட்டது? வீட்டுக் கழிவுத்தொட்டி நிறைந்தால், இயந்திரத்தைக் கூப்பிடுங்கள் என்று வீட்டில் சொல்ல நம்மால் முடியும். பேருந்தில் கூடையோடு ஏறும் பெண்ணுக்குச் சற்று ஒதுங்கி இடம் கொடுக்க முடியும். அலுவலகத்தில் நமக்கு நாற்காலி தரப்பட்டால், நம்மோடு வந்த பெரியவரை அதில் உட்கார வைக்க முடியும். நாளை நாமே அந்த மேசைக்குப் பின்னால் அமரும் அதிகாரியாகவோ எழுத்தராகவோ ஆனால், எதிரே நிற்பவர் கையில் அட்டை இருக்கிறதா என்று பாராமல், "உட்காருங்கம்மா" என்று முதல் வார்த்தையைச் சொல்ல முடியும்.

இன்னும் ஓராண்டில் பல்கலைக்கழகம் நம் கையில் ஒரு பட்டத் தாளைக் கொடுக்கும். நாம் பாடங்களைப் படித்தோம் என்பதற்கு அது சான்று. நாம் மனிதர்கள் என்பதற்கு அது சான்று அன்று. அதற்குச் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகம் உலகில் எங்கும் இல்லை. அப்படி ஓர் அலுவலகம் தேவைப்படாத மதிப்பைத்தான் சாயல் என்று அந்தப் பழைய நூல் சொன்னது. அந்த மதிப்பு நமக்கு முன்பே நம் தாய்க்கும் தந்தைக்கும் இருந்தது. நம் வாசலைப் பெருக்குபவருக்கும் இருக்கிறது. இதை நம்புகிறவர், கடவுளை நம்பினாலும் நம்பாவிட்டாலும், தாம் நிற்கும் இடத்தில் இருக்கும் சுவரிலிருந்து ஒரு கல்லையாவது உருவ வேண்டும்.